மலைமேல் எட்டுக் கணினிகள்

ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் மாலை நேரக் கணினிப் பயிற்சி மையம் நடத்தும் ஆசிரியர் ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். அவரிடம் எட்டு மேசைக் கணினிகள் இருக்கின்றன. எட்டிலும் ஓடுவது காசு கொடுத்து வாங்காத விண்டோஸ். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்துக்கு மாற நினைக்கிறார். அதைப் போட்டு மாணவர்களிடம் கட்டணம் வாங்கி வகுப்பு நடத்தினால் சட்டப்படி சரியா? புதிதாக நான்கு கணினிகள் வாங்க வேண்டும், எதை வாங்குவது? கோளாறு வந்தால் மலைக்கு யார் வந்து பார்ப்பார்கள்?

ஐயா, மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். யாரும் வரமாட்டார்கள். சேலத்தில் பதினெட்டு ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஒரு பிரிண்டரைத் திறந்து பார்த்து, முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு இறங்குவது எந்த மெக்கானிக்குக்கும் கட்டுப்படியாகாது. நானே இரண்டு முறை மலைக்கு வருவதாக ஒப்புக்கொண்டு வராமல் இருந்திருக்கிறேன். அதனால் நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பொருளையும், போடும் ஒவ்வொரு மென்பொருளையும் ஒரே கேள்வியால் சோதித்துப் பாருங்கள்: இது நின்றுபோனால் யாருடைய அனுமதியும் இல்லாமல் நானோ, எனக்குத் தெரிந்த ஒருவரோ இதில் கை வைக்க முடியுமா? லைசென்ஸ் பற்றிய கேள்வியும் கருவி பற்றிய கேள்வியும் இதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

முதலில் இப்போது இருப்பதைப் பற்றி. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. உரிமம் இல்லாத நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார நோக்கமோ லாபமோ இல்லாத பயன்பாடு என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விடலாம். கட்டணம் வாங்கி நடத்தும் மையம் அந்தச் சலுகையை நம்பிக்கொண்டிருக்க முடியாது. உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் பாதிப் பேர் இந்தப் பிரிவைக் கேள்விப்பட்டதே இல்லை.

என் கையும் சுத்தமில்லை. 2011இல் தமிழக அரசின் மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது மாணவர்களுக்கு வந்த கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன: முறையாக உரிமம் பெற்ற விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், அதன் பக்கத்தில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். பிள்ளைகள் அவற்றை நேராக எங்கள் கடைகளுக்கு எடுத்து வந்தார்கள். "அண்ணா, இதை எடுத்துவிட்டு நல்ல விண்டோஸ் போட்டுக் கொடுங்கள்." சட்டப்படி இருந்த இரண்டையும் அழித்துவிட்டு, சட்டத்துக்குப் புறம்பான மூன்றாவது ஒன்றைப் போட்டு, அதற்குக் கூலியும் வாங்கினோம். எத்தனை கணினிகளுக்கு அப்படிச் செய்தேன் என்று இப்போது எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

சரி, லினக்ஸுக்கு வருவோம். ஆங்கிலத்தில் "ஃபிரீ" என்ற ஒரே சொல் விலையில்லாததையும் குறிக்கிறது, சுதந்திரமானதையும் குறிக்கிறது. அந்தக் குழப்பத்தை விளக்கவே அவர்கள் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருக்கிறது. தமிழில் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. கையில் இரண்டு சொற்கள் இருந்தும் நாம் எல்லாவற்றையும் இலவசம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதிலிருந்து வருவதுதான் "இலவசமாகக் கிடைத்ததற்கு நான் காசு வாங்கலாமா" என்ற உங்கள் தயக்கம்.

தாராளமாக வாங்கலாம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் வெளிவருவது ஜிபிஎல் என்னும் பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ். நகலெடுத்துக் கொடுக்கும் வேலைக்குக் கட்டணம் வாங்கலாம், உத்தரவாதம் கொடுப்பதாக இருந்தால் அதற்கும் வாங்கலாம் என்று அந்த உரிமமே வெளிப்படையாகச் சொல்கிறது. இந்த உரிமங்களை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் தன்னுடைய ஈமாக்ஸ் என்னும் உரை திருத்தும் நிரலை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றுத்தான் வயிற்றைக் கழுவினார். இதற்கு மாறாக, 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் முதன்முதலில் லினக்ஸை வெளியிட்டபோது யாரும் காசு வாங்கக் கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தார். பிளாப்பியில் பிரதி எடுத்துக் கொடுத்தவர்களால் பிளாப்பியின் அடக்க விலையைக்கூடக் கேட்க முடியவில்லை. அந்தச் சிக்கலுக்குப் பிறகுதான் 1992இல் ஜிபிஎல்லுக்கு மாறினார். ஆகவே காசு வாங்கும் உரிமை யாரோ கண்டும் காணாமல் விட்டுவைத்த ஓட்டை இல்லை, யோசித்துக் கொடுக்கப்பட்ட ஒன்று.

வகுப்பில் பயன்படுத்துவதற்கு நிபந்தனை ஒன்றும் கிடையாது. எத்தனை கணினி, எத்தனை மாணவர், எவ்வளவு கட்டணம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். நகல் உங்கள் கையை விட்டு வெளியே போகும்போதுதான் பொறுப்பு வருகிறது. பென்டிரைவில் லினக்ஸைப் பதிந்து மாணவர்களுக்கு விற்கிறீர்கள் என்றால், அதன் மூல நிரலையும், அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவத்தையும், சேர்த்துக் கொடுக்க வேண்டும், அல்லது கேட்டால் தருவேன் என்று குறைந்தது மூன்று ஆண்டு செல்லும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். வீண் தொல்லை எதற்கு? மாணவரையே வகுப்பில் உட்காரவைத்து, லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் தளத்திலிருந்து அவர் கையாலேயே இறக்கிப் பதியச் சொல்லுங்கள். பாடத்துக்குப் பாடமும் ஆயிற்று.

லினக்ஸில் ஓடுவதெல்லாம் கட்டற்றது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். குரோமியம் என்ற உலாவி கட்டற்றது, அதன் மேல் கட்டிய குரோம் அப்படியல்ல. பழைய விண்டோஸிலிருந்து லதா எழுத்துருவை நகலெடுத்து வந்து லினக்ஸில் போடும் பழக்கம் பலருக்கு உண்டு, அதற்கும் உரிமம் கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ் போதும். அது திறந்த எழுத்துரு உரிமத்தில் வருகிறது, படிக்கவும் நன்றாக இருக்கிறது. தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையை லினக்ஸிலேயே அமைத்துக்கொள்ளலாம். டேலி கற்றுக்கொடுக்கிறீர்கள் என்றால் அது விண்டோஸுக்கான கணக்கு மென்பொருள், குறுக்கு வழியில் இறங்க வேண்டாம். முறையான விண்டோஸ் உரிமத்தோடு ஓரிரு கணினிகளைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் வேலைக்குப் போகப்போகும் பிள்ளைக்கு டேலி தெரியாமல் முடியாது. நான் லினக்ஸ் பித்தன் என்பதற்காக அதை மறைக்க முடியாது.

இனி கருவிகள். இதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மேசைக் கணினி வாங்காதீர்கள், நான்கும் மடிக்கணினியாகவே இருக்கட்டும். உங்கள் ஊரில் மழை தூறினாலே மின்சாரம் போய்விடும். மடிக்கணினிக்குள் இருக்கும் பேட்டரியே ஒரு யுபிஎஸ். பெரிய நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்துவிடும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகள் பெங்களூரிலிருந்து சேலத்துக்கும் வருகின்றன. இப்போது அவற்றை வாங்க நல்ல நேரம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பதோ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி, இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். ஆகவே ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் கழிவாக ஒதுக்கப்படுகின்றன. லினக்ஸுக்கு அவை தங்கம். எட்டு ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி, இவை இரண்டும் இருந்தால் உங்கள் வகுப்புக்குத் தாராளம். ஒதுக்கப்போகும் அந்த விண்டோஸ் கணினிகள் மட்டும் எட்டாம் தலைமுறைக்கு மேல் இருக்கட்டும். கம்பெனிக் கணினிகளில் விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் அந்த மதர்போர்டோடு ஒட்டியே வரும், அதைத் தனியாக வாங்க வேண்டியிருக்காது. கடையில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். கார்டு செய்யும் என்விடியா நிறுவனம் தன் கெர்னல் டிரைவரின், அதாவது கார்டை இயக்கும் நிரலின், மூல நிரலை 2022 மே மாதத்தில்தான் திறந்துவிட்டது, அதுவும் டூரிங் தலைமுறை முதலான கார்டுகளுக்கு மட்டும். பழைய மடிக்கணினிகளில் அதற்கு முந்தைய கார்டுகளே இருக்கும். கெர்னல் மாறும்போதெல்லாம் திரை கறுத்துவிடுமோ என்ற கவலை உங்களுக்கு எதற்கு? இன்டெல் அல்லது ஏஎம்டியின் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் போதும். அவற்றின் டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன.

கெர்னலுக்குள் இருப்பது என்பதற்கு என்ன பொருள்? ஒரு டிரைவர் ஜிபிஎல் உரிமத்தோடு கெர்னலில் சேர்ந்துவிட்டால், கெர்னலின் உள்ளமைப்பு மாறும்போது மாற்றுகிறவர்களே அந்த டிரைவரையும் சேர்த்துத் திருத்திவிடுகிறார்கள். செய்த நிறுவனம் இழுத்து மூடிவிட்டாலும் கருவி ஓடும். வெளியே தனியாகத் தொங்கும் டிரைவருக்கு அந்தக் காப்பு இல்லை.

வைஃபைதான் இதற்கு நல்ல பாடம். அட்டைப்பெட்டியின் மேல் இருக்கும் பெயரை நம்பாதீர்கள், உள்ளே இருக்கும் சில்லைப் பாருங்கள். டிபி-லிங்கின் டபிள்யூஎன்722என் என்ற யுஎஸ்பி வைஃபை எடுத்துக்காட்டு. முதல் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர்9271 சில்லு, லினக்ஸில் செருகினால் உடனே ஓடும். இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே ரியல்டெக் சில்லு. பெயரும் மாதிரி எண்ணும் அதேதான், பின்பக்க ஸ்டிக்கரில் சிறிய எழுத்தில் பதிப்பு எண் மட்டும் மாறியிருக்கும். மடிக்கணினியில் இன்டெல் வைஃபை இருந்தால் கேள்வியே கேட்காமல் வாங்குங்கள். அதற்கு ஃபர்ம்வேர், அதாவது சில்லுக்குள் ஏற்றப்படும் நிரல், வேண்டும். அது மூல நிரல் தரப்படாத கோப்பு, ஆனால் பகிர்ந்துகொள்ள அனுமதி உண்டு. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அது நிறுவும் வட்டிலேயே சேர்ந்து வருகிறது. சேர்க்கலாமா கூடாதா என்று டெபியன்காரர்கள் தங்களுக்குள் வாக்கெடுப்பு நடத்தி முடிவுசெய்தார்கள். கொள்கை கெட்டது என்று சிலருக்கு இன்னும் மனக்குறை உண்டு. வைஃபை இல்லாத கணினியை மலைமேல் வைத்துக்கொண்டு கொள்கை பேச எனக்குத் தெம்பில்லை.

பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது இது. லினக்ஸ் பதிந்த பென்டிரைவ் ஒன்றோடு கடைக்குப் போங்கள். நிறுவ வேண்டாம், பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பாருங்கள். வைஃபையில் உங்கள் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைப் பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, திரையை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா. மறக்காமல், கணினி தொடங்கும்போதே திறக்கும் பயாஸ் அமைப்புக்குள் போய்ப் பாருங்கள். கடவுச்சொல் கேட்டால் அந்தக் கணினியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். பழைய நிறுவனம் போட்ட பூட்டை எடுக்காமல் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பென்டிரைவிலிருந்து இயக்கவிடாத கடைக்காரரிடம் வாங்கவே வேண்டாம்.

பிரிண்டர் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பாடத்தைப் படித்தது அதில்தான். சேலத்தில் ஜவ்வரிசி வியாபாரி ஒருவருடைய அலுவலகத்தில் எல்லாக் கணினிகளையும் லினக்ஸுக்கு மாற்றிக் கொடுத்திருந்தேன். அங்கே ஒரு லேசர் பிரிண்டர், பெயர் வேண்டாம். லினக்ஸ் டிரைவர் உண்டு என்று நிறுவனமே தந்திருந்தது, நானும் மகிழ்ந்து போட்டேன். மூன்று ஆண்டுகள் ஓடியது. பிறகு இயங்குதளத்தைப் புதுப்பித்தேன், பிரிண்டர் ஊமையாகிவிட்டது. டிரைவர் 32 பிட்டுக்காகத் தொகுக்கப்பட்ட மூடிய நிரல். அது நம்பியிருந்த பழைய துணை நிரல்கள் புதிய பதிப்பில் இல்லை. நிறுவனத்துக்கு எழுதினேன். அந்த மாதிரிக்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று ஒரு வரி பதில் வந்தது. உருளை நன்றாக இருந்தது, டோனர் பாதிக்கு மேல் இருந்தது, தாளை அழகாக இழுத்தது. சோதனைப் பக்கம் அச்சடிக்கும் பொத்தானை அழுத்தினால் பளிச்சென்று அச்சடித்துத் தள்ளும். கணினி அனுப்புவது மட்டும் அதற்குப் புரியாது. இரண்டு இரவுகள் உட்கார்ந்து பார்த்தேன். திருத்துவதற்கு நிரல் இருந்தால்தானே?

ஸ்டால்மன் கதையும் பிரிண்டரில்தான் தொடங்குகிறது. 1980 வாக்கில் எம்ஐடி ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. அதில் தாள் அடிக்கடி சிக்கும். சிக்கியதைக் கணினியில் இருப்பவருக்குத் தெரிவிக்கும்படி நிரலைத் திருத்த நினைத்தார் அவர். பழைய பிரிண்டருக்கு அப்படித்தான் செய்திருந்தார். புதியதன் மூல நிரல் கிடைக்கவில்லை. வைத்திருந்தவரிடம் நேரில் போய்க் கேட்டும், யாருக்கும் தருவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று மறுத்துவிட்டார். 1983இல் க்னூ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தை ஸ்டால்மன் அறிவித்ததற்குப் பின்னால் இந்த எரிச்சலும் இருந்தது. சேலத்தில் அந்த இரண்டாம் இரவுக்குப் பிறகுதான் அந்த மனிதரின் கோபம் எனக்குப் புரிந்தது. அதற்கு முன்னால் அவரை வெறும் பிடிவாதக்காரர் என்று நினைத்திருந்தேன்.

ஆகவே பிரிண்டர் வாங்கும்போது "லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். டிரைவரே தேவைப்படாததாகக் கேளுங்கள். பெட்டியில் ஏர்பிரிண்ட் என்று போட்டிருந்தால் அது பொதுவான தர முறையில் பேசும் கருவி. லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் அதை வலையமைப்பிலேயே கண்டுபிடித்துக்கொள்ளும். சில நூறு ரூபாய் கூடுதலாகலாம், கொடுங்கள்.

இருக்கும் எட்டுக் கணினிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 64 பிட்டா என்று மட்டும் பாருங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ஐ 32 பிட் கணினியில் புதிதாக நிறுவ முடியாது. 64 பிட் என்றால் சிறிய எஸ்எஸ்டி ஒன்று போட்டு, எக்ஸ்எஃப்சிஇ என்னும் இலகுவான மேசைத்தளத்தோடு டெபியன் நிறுவினால் தட்டச்சு, லிப்ரேஆபிஸ், பைத்தான் எல்லாவற்றுக்கும் தாங்கும். பனிக்காலத்தில் திடீரென்று உயிர் வராமல் பீப் பீப் என்று கத்தினால் பயப்பட வேண்டாம். மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டுத் திரும்பச் செருகுங்கள். பத்தில் ஆறுக்கு அதுவே வைத்தியம். இணையம் மெதுவாக இருப்பதால் ஒரு கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி நிறுவிவிடுங்கள். ஒரு முறை இறக்கிய பொதியை மற்றவை அதனிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். ஏப்ரல், மே மாதங்களில் இடி இடிக்கத் தொடங்கினால் மின்கம்பியோடு நெட்வொர்க் கம்பியையும் பிடுங்கிவிடுங்கள். மதர்போர்டுகள் அதிகம் போவது அந்த வழியாகத்தான்.

இப்போது உதவி கேட்பது பற்றி. ஜிபிஎல் உரிமத்தில் பெரிய எழுத்துகளில் இருக்கும் பகுதி எது தெரியுமா? உத்தரவாதம் எதுவும் கிடையாது என்பதுதான். நிரல் உங்களுடையது, தலைவலியும் உங்களுடையது. அந்தத் தலைவலியைத் தீர்க்க முன்பின் தெரியாதவர்கள் உதவுவார்கள், ஆனால் சரியாகக் கேட்டால்தான் உதவ முடியும். தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள 2012 முதல் வரும் கணியம் இதழ் இருக்கிறது. தொலைபேசியில் நானும் இருக்கிறேன். ஆனால் "இணையம் வரவில்லை" என்று மட்டும் சொன்னால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

சென்ற மழைக்காலத்தில் மலையிலிருந்து ஒரு தம்பி அப்படித்தான் அழைத்தார். இரண்டு வாரம் பூட்டிக் கிடந்த கணினியைத் திறந்திருக்கிறார், இணையம் வரவில்லை. வைஃபையை மாற்றிப் பார்த்திருக்கிறார், ரவுட்டரை அணைத்துப் போட்டிருக்கிறார், கடைசியில் லினக்ஸையே மறுபடி நிறுவலாமா என்று கேட்டார். ஒன்றும் செய்யாதீர்கள், டெர்மினலில், மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்டேட் கட்டளையைக் கொடுத்து வரும் வரியை எழுத்து மாறாமல் படியுங்கள் என்றேன். தட்டுத்தடுமாறிப் படித்தார்: வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை, செல்லுபடியாக இன்னும் இத்தனை ஆயிரம் நாள்கள் இருக்கின்றன என்ற பொருளில் ஒரு வரி. திரையின் மூலையில் என்ன தேதி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அண்ணா, 2012 ஜனவரி ஒன்று என்று காட்டுகிறது." இணையத்துக்கு ஒரு கேடும் இல்லை. மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்து கடிகாரம் பின்னோக்கிப் போய்விட்டது. 2012இல் இருப்பதாக நினைக்கும் கணினிக்கு இன்றைய தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் எதிர்காலத்தில் கொடுக்கப்படப்போகும் காகிதம், அதனால் உலாவி எதையும் திறக்க மறுக்கிறது. சிஆர்2032 என்ற பேட்டரி ஒன்று, கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். மறுபடி நிறுவியிருந்தால் அரை நாள் போயிருக்கும், கோளாறும் அப்படியே இருந்திருக்கும்.

அதனால் அழைக்கும்போது நான்கு விஷயங்களை வைத்துக்கொண்டு அழையுங்கள்: கணினியின் மாதிரி, இயங்குதளத்தின் பதிப்பு, கடைசியாக என்ன மாற்றினீர்கள், திரையில் வந்த வரி. அந்த வரியை உங்கள் சொற்களில் சொல்லாதீர்கள், அப்படியே படம் பிடித்து அனுப்புங்கள். கருவிக் கோளாறு என்றால் டிமெசேஜ் (dmesg) கட்டளை காட்டும் கடைசி முப்பது வரிகளையும் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் மாணவர்களில் ஆர்வமுள்ள இருவருக்கு இதைப் பழக்கிவிட்டால், ஓர் ஆண்டில் என்னை அழைக்கும் வேலையே உங்களுக்கு இருக்காது.

கணினிகள் வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் கீழே இறங்கி வாருங்கள். எட்டில் மிக மோசமான இரண்டை எடுத்து வாருங்கள், நல்லதில் பார்க்க ஒன்றும் இருக்காது. கேபினட் மட்டும் போதும், மானிட்டர், கீபோர்டு எல்லாம் இங்கே இருக்கின்றன. கேபினட்டைச் சாக்கில் கட்டாதீர்கள். வளைவுகளில் உருண்டு ரேம் கழன்றுவிடும். மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.